பிரேக் அக்காவின் கப்பல் தாத்தா

"நெத்தியில இவ்வளவு அழுக்கு சேர்ந்தா எப்படி? ஒரு வாரம்தானே ஆச்சு?" என்று கடிந்துகொண்டே கல்லின் மேல் வரியைத் தேய்க்கிறார் பிரேக் அக்கா. கையில் பழைய டூத் பிரஷ். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. முழங்காலுக்கு அடியில் காரிலிருந்து உருவிக்கொண்டு வந்த ரப்பர் மிதியடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, பழைய கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் இவர் ஒருவருக்கு முகம் கழுவிவிடுகிறார். அந்த ஒருவர் கண்ணை மூடி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது.

முடித்ததும் தேநீர். பிளாஸ்க்கையும் கைப்பையையும் வைப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. மேடை மாதிரித் தாழ்வாகப் படுத்திருக்கும் கல். மேலே விரல்கடை உயரத்துக்குப் பாசி, அதன்மேல் காய்ந்த இலைகள். பிளாஸ்க் நிற்கும் அளவுக்கு மட்டும் ஓர் ஓரத்தைக் கையால் தட்டிவிட்டுக்கொள்வார். "கோவிச்சுக்காதீங்க பக்கத்து வீட்டுக்காரரே, ரெண்டு நிமிஷம்தான்" என்று அந்தக் கல்லிடம் சொல்லாமல் வைக்கமாட்டார். இத்தனை மரியாதை தெரிந்தவர் அந்தப் பாசியையும் கொஞ்சம் சுரண்டி ஆள் யாரென்று பார்த்திருக்கலாமே என்று கேட்டால், "நம்ம ஆளுதான் கிடைச்சாச்சே. அப்புறம் எதுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டணும்?" என்பார்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரே ஒரு மஞ்சள் கார். சலூனுக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே ஒற்றை அறை ஆபீஸ். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த கார் அது. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து அக்காவின் வலது கால், அக்கா சொல்பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. கல்யாணப் பந்தியில் யாராவது வேகமாகப் பரிமாறிக்கொண்டு வந்தால் மேஜைக்கு அடியில் கால் அழுந்தும். சினிமாவில் கதாநாயகன் ஓடினாலும் அழுந்தும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், "நான் வாயைத் திறந்தாலே அமுக்குறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்கிறார்.

அக்காவிடம் வண்டி பழக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வண்டிக்காக இல்லை.

"கண்ணாடியைப் பாரு தம்பி. பின்னாடி என்ன தெரியுது?"

"ஒரு கம்பம், ஒரு நாய், மேடம்."

"நாய் போகட்டும். உன் கொள்ளுத்தாத்தா பேரு என்ன?"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். பாங்கில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் இந்தக் கேள்விக்குப் பயந்தே முதல் பரீட்சையில் தோற்றான் என்று சொல்கிறார்கள். அக்கா ஒப்புக்கொள்வதில்லை. "அவன் கம்பத்துல இடிச்சான். அதுக்கு அவன் கொள்ளுத்தாத்தா என்ன பண்ணுவாரு?"

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்றால், நாலாம் வகுப்பில். வகுப்பாசிரியை சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, ஆளுக்கொரு குண்டூசி கொடுத்து, அவரவர் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அங்கே வந்து குத்தச் சொன்னார். அக்கா முந்தின நாளே அப்பாவைக் கேட்டு வைத்திருந்தார். அப்பா மின்சார லைன்மேன். கம்பத்தின் உச்சியில் இருந்தபடியே பதில் சொன்னார்.

"எங்க தாத்தா கப்பல்ல வந்தாராம்."

"எந்த ஊர்லேருந்து?"

"கப்பல்லேருந்து! கீழ நிக்காத, கம்பி விழும்."

மறுநாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்ற பெண்ணிடமிருந்து ஆசிரியை அதை வாங்கிக் கடலின் நடுவில் குத்திவிட்டார். வகுப்பே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து அழுத கதையைக் கணவர்தான் சொல்வார். இன்றைக்கும் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் கடலின் நடுவில் சிவப்புத் தலையோடு ஒரே ஒரு குண்டூசி. என்ன ஊர் இது, தீவா என்று கேட்பவர்களிடம், "அதுதான் என் சொந்த ஊரு. மாத்துற நாள் வரும்போது மாத்துவேன்" என்பார்.

மாற்றுவது அத்தனை லேசான காரியமாக இல்லை. ஊர் கிடைக்க வேண்டுமானால் முதலில் தாத்தாவின் பெயர் கிடைக்க வேண்டும். வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதே கிடையாது. மருமகளாக வந்த அப்பாவின் அம்மா, மாமனார் பெயரை வாயில் எடுக்கமாட்டார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் வெறும் 'கப்பல் தாத்தா'. ஆனால் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் முறை ஒன்று அந்தக் குடும்பத்தில் இருந்தது. மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயர். அக்காவின் அப்பா ஒரே பையன். ஆக அப்பாவின் பெயர்தான் கப்பல் தாத்தாவின் பெயர். இதைவிட நேரான பாதை உண்டா? அப்பாவுடைய அப்பாவின் இனிஷியலும் அதே எழுத்து. அக்கா பெயரோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தார். பழைய பதிவேடுகள் ஏதோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டபடியால் வரிசை வரிசையாகக் கல்லைப் படித்துக்கொண்டே நடந்தார். கடைசி வரிசையில் அந்தப் பெயர் இருந்தது. காலமும் ஏறக்குறைய ஒத்துவந்தது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "தாத்தா, நான் வந்துட்டேன்" என்றாராம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது. அன்றைக்கு ஆரம்பித்த முகம் கழுவல்தான்.

கல்லில் பெயரும் வருஷமும் இருந்தன. ஊர் இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அக்கா ஆவணக் காப்பகங்களுக்கு அலைந்தார், துறைமுக அலுவலகங்களுக்கு எழுதினார், கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதில் வருத்தமில்லை. கப்பலேறி வந்தவர்களில் அந்தப் பெயரில் நாலு பேர் அகப்பட்டார்கள். நாலு பேருக்கும் நாலு ஊர். ஒவ்வொருவரையும் அக்கா முழு மனதோடு தாத்தாவாக ஏற்றுக்கொண்டு, பிறகு ஏதோ ஒரு இடத்தில் கணக்கு உதைக்க, கண்ணீரோடு விடை கொடுத்திருக்கிறார். ஒருவர் கல்யாணமே ஆகாதவர். இன்னொருவர் வந்த கப்பலிலேயே திரும்பிப் போனவர். குடும்ப விசேஷங்களில் அக்காவைக் கண்டதும் மைத்துனர்கள், "அண்ணி, இந்த வருஷம் நாம எந்த ஊரு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி, வம்சத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் செய்து பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் தூரத்து உறவினர்கள் இருப்பதாகப் பதில் வந்தது. "நம்ம கல்யாணத்துக்கே இத்தனை பேர் வரலியே" என்றார் கணவர். அவருடைய கவலை வேறு. புது டூத் பிரஷ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாமல் அது கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது.

பழைய கதை தெரிந்த ஒரே ஜீவன் அத்தை. அப்பாவின் அக்கா. எண்பதைத் தாண்டியவர். மூன்றாம் மாடியில், லிஃப்ட்டுக்கு எதிர்வீட்டில், கையில் சீட்டுக்கட்டோடு வாழ்கிறவர். ஆள் கிடைத்தால் ஆளோடு, கிடைக்காவிட்டால் தனக்குத்தானே போட்டுக்கொண்டு ஆடுவார். தனக்குத்தானே ஆடும்போதும் ஏமாற்றுவார். அக்கா எத்தனை தடவை வாயைக் கிளறினாலும் பிடி கொடுக்கமாட்டார்.

"அத்தை, கப்பல் தாத்தாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்."

"மீசை இருந்துச்சு. சீட்டைக் கலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மீசை நரைச்சுச்சு. பழசை எல்லாம் எதுக்குடி கிளறுற? உன் முறை, போடு."

அந்த அத்தையைத்தான் இந்த மழைக்காலம் முடிந்ததும் வெளிநாட்டில் இருக்கும் மகன் தன்னோடு அழைத்துக்கொண்டு போகப்போகிறான். டிக்கெட் போட்டாயிற்று. செய்தி வந்த அன்று அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரேக் கால்கூட ஓடவில்லை என்று கணவர் சொல்கிறார். அத்தை போய்விட்டால் ஊசி கடலிலேயே துருப்பிடித்துப் போகும். அக்கா அழுதுவிடுவார் போலிருக்க, அத்தை சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, அழாத. போறதுக்கு முன்னாடி நீ முகம் கழுவிவிடற அந்த ஆளை நானும் ஒரு தடவை பாத்துடறேன். முழங்கால் வலிக்குது, நாற்காலி எடுத்துக்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கார் ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போனது. கடைசி வரிசையில் மடக்கு நாற்காலியை விரித்து அத்தையை உட்கார வைத்தார் அக்கா. வழக்கம்போல பக்கத்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு பிளாஸ்க்கை வைத்தார். பிறகு ஒன்பது வருஷமாகப் பளபளக்க வைத்திருக்கும் கல்லைக் காட்டி, "பாருங்க அத்தை, உங்க தாத்தா" என்றார். குரலில் கொஞ்சம் கர்வம்.

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"தாத்தாதான். ஆனா எங்க அம்மாவோட அப்பா. ரொட்டிக்கடை வெச்சிருந்தவரு. இவரையா இத்தனை வருஷமா தேய்ச்சே?"

"கப்பல்ல வந்தவரு?"

"கப்பலா! குளத்துல படகு ஏறினாலே இவருக்கு வாந்தி வரும். பொறந்தது, வளந்தது, போனது எல்லாம் இதே ஊருதான்."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அப்பாவுக்கு வெச்சது இவரு பேருதானே அத்தை?"

"ஆமா. ரெண்டாவது பையனுக்கு அம்மா வழித் தாத்தா பேரு. அதுதானே நம்ம வழக்கம்."

சொல்லிவிட்டு அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவின் வலது கால் ஈர மண்ணில் அழுந்தியது.

"ரெண்டாவதா? அப்ப மூத்தது யாரு அத்தை?"

அத்தை மடியில் கிடந்த சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தார். ஒரு சீட்டும் போடாமல் திரும்பக் கட்டி வைத்தார்.

"எனக்கு ஆறு வயசு. அவனுக்கு ரெண்டு முடியல" என்றார். "என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டான். இந்தப் பக்கம், இடது பக்கம்தான் வேணும் அவனுக்கு. இன்னொரு பக்கம் வெச்சா கத்துவான். ஒரு காய்ச்சல் வந்துச்சு, நாலு நாள்ல போயிட்டான். அம்மா அந்தப் பேரை இனி யாரும் இந்த வீட்டுல சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. அப்பா வீட்டையே மாத்தினாரு. புதுத் தெருவுக்கு வந்த அப்புறம் உங்க அப்பன் பொறந்தான். தெருவுல எல்லாரும் தலைச்சன் பையன்னாங்க. நாங்க ஆமான்னுட்டோம். அவனுக்கே தெரியாது, கடைசி வரைக்கும்."

அக்கா தரையில் உட்கார்ந்து அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஆயிரத்துச் சொச்சம் உறவினர்களைத் தேடிப் பிடித்தவருக்குச் சொந்தப் பெரியப்பா ஒருவர் இருந்தது தெரியாமல் போயிருக்கிறது.

"அவரு பேரு என்ன அத்தை?"

அத்தையின் உதடு மட்டும் ஒரு தடவை அசைந்து பார்த்தது. பிறகு, தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே அந்தப் பெயரைச் சொன்னார். எழுபத்தைந்து வருஷம் அடைத்து வைத்த பெயர் அது. ரொட்டிக்கடைக்காரரின் பெயருக்கும் அதற்கும் முதல் எழுத்து ஒன்றுதான்.

"அதுதாண்டி கப்பல் தாத்தா பேரும். அவரு போன மறுவருஷம் இவன் பொறந்தான்."

"அவரை எங்க வெச்சாங்க?"

"எங்கேயா? சம்பந்திங்க ரெண்டு பேரும் சீட்டாட்டத்துல பெரிய கூட்டாளிங்க. பொண்ணு குடுத்து எடுத்ததே சீட்டாட ஆள் வேணும்னுதான்னு அம்மா திட்டுவாங்க. மேல போயும் ஆட்டம் நின்னுடக்கூடாதுன்னு பக்கத்துப் பக்கத்துல இடம் வாங்கிப் போட்டாங்க." அத்தை நாற்காலியில் மெல்லத் திரும்பினார். விரலை நீட்டினார். "இவரு இங்கேன்னா, அவரு உன் பிளாஸ்க்குக்கு அடியில."

அக்கா எழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்தது. பிளாஸ்க் ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம் போயின. இலைகளை வாரித் தள்ளிவிட்டுப் பாசியைக் கையால் பிய்த்தார், நகத்தால் சுரண்டினார், பிரஷ்ஷைப் பிடித்த பிடியில் தேய்த்தார். "மன்னிச்சுக்குங்க தாத்தா, மன்னிச்சுக்குங்க, ஒன்பது வருஷமா உங்க மேலயே டீ வெச்சிருக்கேன்" என்று புலம்பியபடியே தேய்த்தார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மனுஷனுக்கு டீன்னா உயிரு. மணம் வந்ததே போதும்னு இருந்திருப்பாரு" என்றார்.

முதலில் பெயர் வந்தது. அதன்கீழே இன்னொரு வரி. வெட்டியவர் ஆழமாகத்தான் வெட்டியிருந்தார். பாசி அந்த எழுத்துகளைத் தின்னாமல் மூடி மட்டும் வைத்திருந்தது. எழுத்து எழுத்தாக ஓர் ஊரின் பெயர் வெளியே வந்தது. நாலு ஊர்களில் எதுவும் இல்லை அது. அக்கா கேள்விப்பட்டேயிராத ஊர். அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். சோப்புக் கையோடு கணவருக்குப் போன் செய்தார்.

"என்னங்க, ஊரு கிடைச்சிருச்சு!"

"எந்த ஊரு?"

சொன்னார்.

"அது எங்க இருக்கு?"

"தெரியாது! போய்ப் பாக்கணும்!" என்று கத்திவிட்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்றில் மூழ்கிப்போனார்.

ஊர்ப் பெயருக்கும் கீழே பாசி இன்னும் மிச்சமிருந்தது. அக்கா தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்தபோது சின்ன எழுத்தில் மறுபடியும் அதே பெயர் எட்டிப் பார்த்தது. பேரனையும் தாத்தாவோடுதான் வைத்திருக்கிறார்கள். அக்கா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனியப் போனார். நாற்காலி கிறீச்சிட்டது. முழங்கால் வலிக்காரர் தானாக எழுந்து வந்து நின்றார்.

"நகருடி. அது என் வேலை."

ரப்பர் மிதியடியில் மண்டியிட்டு அத்தை அந்த வரியைத் தேய்த்தார். அக்கா தேய்ப்பது போல அழுத்தி இல்லை. கண்ணுக்குள் சோப்பு போய்விடாமல் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்தார். முடிந்ததும் புடவைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். எழுந்திருக்க மட்டும் அக்காவின் தோள் வேண்டியிருந்தது.

மறுநாள் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தவர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி கணவரின் கடையிலிருந்து வந்தது. அந்த ஊர் வரைபடத்தில் பெயர் போடும் அளவுக்குப் பெரியதில்லை. ஓர் ஆற்றின் வளைவை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துக் குத்தினார். கடலின் நடுவில் இப்போது ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருக்கிறது. "கரை ஏறிட்டீங்களா மேடம்?" என்று பாங்கு இளைஞன் கேட்டான். இரண்டாம் பரீட்சைக்கு வந்தவன். அன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். மைத்துனர்கள்தான் பாவம், விசேஷங்களில் கேட்க வேறு கேள்வி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்து ரயில் போகிறது என்று அக்கா விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்.

அத்தை விமானம் ஏறிவிட்டார். போகும்போது பாதுகாப்புச் சோதனைக்காரரிடம் சீட்டுக்கட்டைக் கொடுக்கமாட்டேன் என்று தகராறு செய்தாராம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக வந்தார். கையில் இரண்டு பிரஷ். ஒன்றின் கைப்பிடி இன்னும் புதுசு, வீட்டில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். ரொட்டிக்கடைத் தாத்தாவை விட்டுவிடவில்லை. "நீங்களும் என் தாத்தாதான், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்று அவருக்கு முதலில் முகம் கழுவினார். பிறகு கப்பல் தாத்தாவுக்கு. கடைசியில் அந்தச் சின்ன வரிக்கு, அத்தை தேய்த்த மாதிரியே மெதுவாக.

வேலை முடிந்தது. தேநீர் நேரம். பழக்கதோஷத்தில் பிளாஸ்க்கோடு அக்காவின் கை தாழ்ந்த கல்லை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது. வலது கால் மண்ணில் அழுந்தியிருந்தது. இந்தக் கல்லைப் பார்த்தார், அந்தக் கல்லைப் பார்த்தார். சுற்றிலும் ஈரத் தரை. ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்க்கை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.